இரவல் கட்டுரை கேட்கும்போது டிஓஐ எண்ணையும் கொடுங்கள்

நூலகங்களுக்கிடையேயான இரவல் சேவையில் ஆய்வுக் கட்டுரை ஒன்றைக் கேட்கும்போது, தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் எழுதுவதோடு நிறுத்தாமல், இதழின் இணையப் பக்கத்திலோ மேற்கோள் பட்டியலிலோ 10 என்று தொடங்கும் டிஓஐ எண்ணை (கட்டுரையை அடையாளம் காட்டும் நிலையான எண்) அப்படியே நகலெடுத்து விண்ணப்பத்தில் ஒட்டிவிடுங்கள். ஒரு கட்டுரைக்கு ஓர் எண் என்பதால், ஒரே பெயரில் இரண்டு இதழ்கள் இருந்தாலும், இதழின் பெயரை நீங்கள் சுருக்கி எழுதியிருந்தாலும், நூலகர் அலையாமல் சரியான கட்டுரையைக் கண்டுபிடித்துவிடுவார். எண்ணின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் முற்றுப்புள்ளியை மட்டும் மறக்காமல் நீக்குங்கள். அது இருந்தால் தேடல் தவறிப்போகும். பழைய இதழ்கள் பலவற்றுக்கு இந்த எண் கிடையாது. அவற்றுக்கு இதழை அடையாளம் காட்டும் 8 இலக்க ஐஎஸ்எஸ்என் எண், ஆண்டு, தொகுதி, பக்க எண்கள் அனைத்தையும் தரவேண்டும். முழு நூலுக்கு, நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணே உதவும்.