மார்கழியில் சென்னை வருபவருக்கு வழிசொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழி இசைச் சீசனைப் பற்றிய கேள்விகள் நவம்பர் பாதியிலேயே ஆரம்பித்துவிடும். "டிசம்பர்ல சென்னை வர்றோம், மூணு நாள் இருப்போம், எதுக்குப் போகலாம்?" கேட்பவர் பெங்களூரில் இருக்கும் சித்தப்பா மகளாக இருக்கலாம், டெல்லியிலிருந்து மாற்றலாகி வந்த சக ஊழியராக இருக்கலாம். அண்மையில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கியிருப்பவர்கள், ஒரு காலத்தில் நாங்கள் எல்லோரும் சொல்லிக் கெடுத்த அதே பதில்களைத்தான் சொல்கிறார்கள். டிக்கெட்டை முன்கூட்டியே வாங்குவது, அரங்கில் செல்போனை அணைப்பது போன்றவற்றை யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அவற்றை விட்டுவிடுவோம்.

முதல் கச்சேரியே பெரிய வித்வானின் மாலைக் கச்சேரி

இதுதான் எல்லாவற்றிலும் அதிக நஷ்டம் தரும் தவறு. வருஷா வருஷம் நடக்கிறது, ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது. விருந்தாளிக்கு நல்லதிலும் நல்லதைக் காட்ட வேண்டும் என்ற பாசத்தில்தான் செய்கிறோம். நிகழ்ச்சி நிரலில் இருப்பதிலேயே பெரிய பெயரைத் தேடி, இருப்பதிலேயே விலை கூடிய டிக்கெட்டை வாங்கி, மேடைக்கு நேர் எதிரே மூன்றாவது வரிசையின் நடுவில் உட்கார வைக்கிறோம். கர்நாடக இசையை முன்பின் கேட்டிராத ஒருவருக்கு இதைவிடக் கடினமான தொடக்கம் கிடையாது.

காரணம் கச்சேரியின் அமைப்பில் இருக்கிறது. இன்று நாம் கேட்கும் கச்சேரி முறைக்கு உருவம் கொடுத்தவர் என்று அரியக்குடி ராமானுஜ அய்யங்காரைச் சொல்வார்கள். வர்ணம் என்னும் தொடக்கப் பாட்டில் ஆரம்பித்து, சிறிய உருப்படிகள் (பாட்டுகள்) இரண்டு மூன்று பாடி, கொஞ்சம் விரிவான ஒன்றைத் தொட்டு, பிறகு பிரதான உருப்படிக்கு வர வேண்டும். மாலைக் கச்சேரி இரண்டரை மணி நேரம், சில நாள் அதற்கும் மேல். பிரதான உருப்படி வருவதற்கே ஒரு மணி நேரம் கடந்திருக்கும். அதில் பாட்டு வரியில்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனை 15 முதல் 20 நிமிடம், வயலின் பதில் 8 அல்லது 10 நிமிடம், பிறகு கீர்த்தனை, அதன் ஒரு வரியையே பலவிதமாகப் பாடும் நிரவல், ஸ்வரங்களைக் கற்பனையாகக் கோத்துப் பாடும் கல்பனாஸ்வரம், தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம். ஒரே ராகத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அன்று ராகம் தானம் பல்லவியும் (ஒரே வரியை வைத்து விரியும் பெரிய உருப்படி) இருந்தால் இன்னொரு முக்கால் மணி. பழகிய காதுக்கு அது விருந்து. புதியவருக்கு, எங்கே தொடங்கியது, எங்கே முடியும், இடையில் எதைக் கவனிக்க வேண்டும் என்று எதுவுமே தெரியாத இரண்டு மணி நேரம்.

அவருக்கு உடனே பிடித்திருக்கக்கூடிய பாட்டுகள், அதாவது துக்கடாக்கள், கடைசி அரை மணியில்தான் வரும். தமிழ்ப் பாட்டுகள், பஜன், தில்லானா எல்லாம் அங்கேதான். அதற்குள் அவர் களைத்துவிடுவார், அல்லது எழுந்து போயிருப்பார். நடு வரிசை என்றால் எழவும் முடியாது. எழுந்தால் பத்துப் பேர் முழங்காலை ஒதுக்க வேண்டும், மேடையில் இருப்பவருக்கும் தெரியும்.

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் அரங்கில் கால்வாசிப் பேர் எழுவார்கள். அதைப் பார்த்து விருந்தாளி இடைவேளை என்று நினைத்து வெளியே வந்துவிடுகிறார். ராகம் தெரியாதவர்கூட முழுதாக ரசிக்கக்கூடிய பகுதி கச்சேரியில் ஒன்று உண்டென்றால் அது தனிதான். மிருதங்கம் ஒரு சுற்று வாசிக்கும், கடமோ கஞ்சிராவோ பதில் சொல்லும், கேள்வி-பதிலின் நீளம் படிப்படியாகக் குறையும், பிறகு இருவரும் சேர்ந்து மோரா, கோர்வை என்னும் முடிப்புகள். கோர்வை மூன்று முறை வரும், மூன்றாவது முறை முடியும் இடத்தில் பாடகர் பாட்டை எடுப்பார். இவ்வளவைச் சொல்லிவைத்தால் போதும், மொழி தெரியாத ஆள்கூட இருக்கை நுனியில் உட்கார்ந்து கேட்பார். வெளியே கேன்டீனில் காபி குடித்துக்கொண்டு அதைத் தவறவிட்டவர், கச்சேரி என்றால் நீளமாக ஏதோ ஒன்று என்ற நினைப்போடு ஊர் திரும்புவார். அடுத்த மார்கழிக்கு அவரை அழைத்துப் பாருங்கள். வர மாட்டார். டிக்கெட் காசைவிடப் பெரிய நஷ்டம் அது.

சரியான வரிசை இதற்கு நேர் எதிரானது. முதல் நாள் மதியக் கச்சேரி. பல சபாக்களில் மதியக் கச்சேரிக்கு அனுமதி இலவசம். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் முடியும். பாடுபவர்கள் பெரும்பாலும் இளையவர்கள், நேரம் குறைவு என்பதால் உருப்படிகளை அளந்து வைத்திருப்பார்கள். கூட்டம் இல்லாததால் நடைபாதை ஓர இருக்கை கிடைக்கும். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் எழுந்து போகலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஆலாபனையின் நடுவில் மட்டும் எழக்கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

தமிழ் தெரிந்தவர் என்றால் இரண்டாவது நாள் பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்துக்கு அனுப்பலாம். 1943-ல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் விழா அங்கே நடக்கும், பாட்டெல்லாம் தமிழில் இருக்கும். சொல் புரியும்போது ராகம் தானாக ஒட்டிக்கொள்ளும். தமிழ் தெரியாதவருக்கு வீணை, புல்லாங்குழல் போன்ற வாத்தியக் கச்சேரி நல்லது. அவருக்கும் பக்கத்து இருக்கைக்காரருக்கும் அங்கே வித்தியாசம் இல்லை.

மூன்றாவது நாள்தான் பெரிய வித்வான். அதற்கும் மியூசிக் அகாடமியில்தான் கேட்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். முன்னணிப் பாடகர் ஒருவர் ஒரே சீசனில் பல சபாக்களில் பாடுவார். ஒரு இடத்தில் டிக்கெட் தீர்ந்தால் நான்கு நாள் கழித்து தியாகராய நகரிலோ மயிலாப்பூரிலோ அவரே இருப்பார், நாற்காலியும் கிடைக்கும்.

அனுப்புவதற்கு முந்தின நாள் ஐந்து நிமிடம் செலவழித்து இரண்டு விஷயம் சொல்லிக்கொடுங்கள். ஒன்று, மேடையில் யார் எங்கே. பார்ப்பவருக்கு இடப்பக்கம் மிருதங்கம், வலப்பக்கம் வயலின். மிருதங்கக்காரர் இடக்கையர் என்றால் மாறியிருக்கும். பின்னால் தம்பூரா. இரண்டு, ஆதி தாளம். ஒரு தட்டு, சுண்டுவிரலில் தொடங்கி மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு. கைக்கு வேலை கிடைத்துவிட்டால் காது தானாக விழித்துக்கொள்ளும். ஸ்வரம் பாடும்போது பாடகர் தாளத்தில் எங்கே வந்து விழுகிறார் என்று விருந்தாளியே கண்டுபிடிப்பார், முகத்தில் அது தெரியும்.

சால்வை ஒன்று எடுத்துப்போகச் சொல்லுங்கள். சபா ஏ.சி. இரண்டு மணி நேரத்தில் எலும்பைத் தொடும்.

கிழமை பார்க்காமல் சொல்வது

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. முட்டுக்காடு தக்ஷிணசித்ராவுக்குச் செவ்வாய்.

"மியூசியத்தை முழுக்கப் பார்த்துவிடுங்கள்"

எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியது. ஒரே வளாகத்தில் பல கட்டடங்கள். முழுக்கப் பார்க்கச் சொன்னால், வாசலுக்குப் பக்கத்தில் இருப்பதிலிருந்து ஆரம்பித்து, பாடம் செய்த விலங்குகளையும் நாணயங்களையும் பார்த்துக் கால் வலித்து, வெண்கலக் கூடத்துக்கு வரும்போது பத்து நிமிடம்தான் மிஞ்சும். நேராக வெண்கலக் கூடத்துக்குப் போகச் சொல்லுங்கள். திருவாலங்காட்டு நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரியும் அங்கே இருக்கிறார்கள். கோயிலில் உற்சவ மூர்த்தியைப் பட்டும் மாலையும் சாத்தித்தான் பார்ப்போம், முகமும் கையும்தான் தெரியும். சோழர் காலத்து ஸ்தபதி இடுப்பு வளைவையும் முதுகையும் எப்படிச் செய்தான் என்பதை முழுதாகப் பார்க்க இங்கேதான் முடியும். அர்த்தநாரியை ஒரு தடவை வலப்பக்கமிருந்து, ஒரு தடவை இடப்பக்கமிருந்து பார்க்கச் சொல்லுங்கள், இரண்டு வேறு சிலைகள் போலத் தெரியும். இதற்கு ஒன்றரை மணி. பிறகு அமராவதிச் சிற்பங்கள், அரை மணி. அத்துடன் வெளியே வந்துவிடலாம்.

நாட்டியத்துக்கு முதல் வரிசை

முதல் வரிசையிலிருந்து பார்த்தால் மேடை உயரத்தில் பாதம் மறையும், அடவு என்னும் ஆட்ட அசைவு பாதி போய்விடும். கடைசி வரிசையிலிருந்து கண்ணும் புருவமும் தெரியாது, அபிநயப் பாட்டான பதம் பாதி போய்விடும். ஐந்திலிருந்து பத்தாவது வரிசைக்குள், நடுவில். அகாடமியின் நாட்டிய விழா ஜனவரி முதல் வாரத்தில்தான். டிசம்பர் 20-ல் வந்து 25-ல் திரும்புபவரிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. அவருக்கு வேறு சபாக்களின் நாட்டிய நிகழ்ச்சிகளைப் பாருங்கள்.

நகரத்து மேடையில் ஒரு மணி நேரக் கூத்தைப் பார்த்து "தெருக்கூத்து பார்த்தாச்சு" என்று விடுவது

சென்னை மேடையில் கூத்து வைத்தால் ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி நேரம். அறிமுகத்துக்கு அது போதும். ஆனால் அது விடிய விடிய நடக்கும் கலை. கோமாளியான கட்டியங்காரன் வந்து கேலி பேசிச் சபையைக் கூட்டுவதற்கே நேரம் எடுத்துக்கொள்வான், கட்டை எனப்படும் மர அணிகலன்களைக் கட்டிய வேஷம் திரைக்குப் பின்னால் நின்றே பாடும், நடு ராத்திரிக்கு மேல்தான் ஆட்டத்தில் சூடு ஏறும். ஒரு மணி நேரத்தில் திரை விலகலும் ஒரு சண்டையும்தான் கிடைக்கும்.

முழுக் கூத்து பார்க்க ஆசைப்படுபவரை டிசம்பருக்கு வரச் சொல்லாதீர்கள். பங்குனியிலிருந்து ஆடி வரை காஞ்சிபுரம், செய்யாறு, திருவண்ணாமலைப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, பல நாள். ஒரே ஒரு நாள்தான் முடியும் என்றால் துரியோதனன் வீழும் படுகளத்தன்று போகச் சொல்லுங்கள். தரையில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவம் கிடக்கும், வேஷக்காரர்கள் அதைச் சுற்றி ஓடுவார்கள், பீமன் தொடையைப் பிளப்பான், திரௌபதி கூந்தல் முடிப்பாள், மாலையில் தீமிதி. அர்ச்சுனன் தபசு நாளும் நல்லது. வேஷக்காரர் பாடிக்கொண்டே உயர்ந்த தபசு மரத்தில் ஏறுவதைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கலாம்.

கொண்டுபோக வேண்டியவை: உட்காரப் பாய் அல்லது கனமான போர்வை, டார்ச், தண்ணீர். வேஷம் கட்டும் இடத்தில் பிளாஷ் போட்டுப் படம் எடுக்கும் முன் கேட்க வேண்டும். தேதியைக் கோயிலில் ஒட்டியிருக்கும் நோட்டீஸில்தான் உறுதி செய்ய முடியும், அதனால் அந்த ஊரில் ஒரு ஆளின் தொடர்பு முதலில் வேண்டும்.

போன வருஷத்துக் கேன்டீன்

சபா கேன்டீனில் சமைப்பவர் வருஷத்துக்கு வருஷம் மாறுவார். போன வருஷம் ஒரு சபாவில் சாப்பிட்ட ரசத்தை நம்பி இந்த வருஷம் அதே சபாவுக்கு அனுப்பாதீர்கள், யார் எங்கே எடுத்திருக்கிறார் என்று விசாரியுங்கள். பெரும்பாலான இடங்களில் சாப்பிடக் கச்சேரி டிக்கெட் தேவையில்லை. மதியம் இலைச் சாப்பாடு என்றால் பதினொன்றரைக்கே போய் நிற்க வேண்டும். 1 மணிக்கு வரிசையில் நின்றால் மதியக் கச்சேரியின் முதல் பாதி போய்விடும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று இடத்தை ஒரு பகலில் திணிப்பது

சோழமண்டலம், தக்ஷிணசித்ரா, மாமல்லபுரம் மூன்றும் ஒரே சாலையில் இருப்பதால் ஒரே நாளில் முடியும் என்று தோன்றும். தக்ஷிணசித்ராவுக்கு மட்டும் மூன்று மணி நேரம் வேண்டும். அங்கே இருப்பவை பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியவை, உள்ளே போய்த் திண்ணையில் உட்கார்ந்து முற்றத்தைப் பார்த்தால்தான் அதற்கு அர்த்தம். காலை 10 மணிக்கு அங்கே நுழைந்து 1 மணிக்கு வெளியே வந்து, சாப்பிட்டுவிட்டு மாமல்லபுரம். அர்ச்சுனன் தபசுப் பாறையையும் கடற்கரைக் கோயிலையும் மாலை வெயிலில் பார்க்கலாம். மாலை 6 மணிக்கு மேல் சின்னங்களுக்குள் விட மாட்டார்கள். டிசம்பர் கடைசியில் அங்கே திறந்தவெளி நாட்டிய விழா நடக்கும் நாட்கள் உண்டு, தேதி பார்த்து அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-ல் கைவினைப் பொருள் விற்ற காசில் நிலம் வாங்கி எழுப்பிய ஓவியர் குடியிருப்பு அது. சாப்பாட்டுக்கு முன் அரை மணி ஒதுக்கிப் பார்க்கும் இடம் அல்ல.

"டிசம்பர் போனால் ஒன்றும் இல்லை"

ஜனவரியில் புத்தகக் காட்சி, பொங்கலையொட்டிப் பறையும் கரகமும் கேட்கும் சென்னைச் சங்கமம். பங்குனியில் மயிலையில் அறுபத்துமூவர், நான்கு மாட வீதியும் மனிதத் தலை. காலையில் அதிகார நந்தியோ இரவில் ரிஷப வாகனமோ வரும்போது நாகஸ்வரம் திறந்த வெளியில் எப்படிக் கேட்க வேண்டுமோ அப்படிக் கேட்கும், எந்த அரங்கிலும் அது கிடைக்காது. சித்திரையில் சபா நாடகங்களுக்கென்றே கோடை நாடக விழா.

திரும்பும் வழியைச் சொல்லாமல் விடுவது

இரவு ஒன்பதரைக்கு மியூசிக் அகாடமியில் கச்சேரி முடிந்ததும் அரங்கம் மொத்தமும் டி.டி.கே. சாலையில் நின்று வண்டி கூப்பிடும். மங்களம் முடிந்து பத்து நிமிடம் உள்ளேயே உட்காரச் சொல்லுங்கள். பிறகு ராதாகிருஷ்ணன் சாலைப் பக்கம் ஐந்து நிமிடம் நடந்துபோய் அங்கிருந்து ஆட்டோ கூப்பிடச் சொல்லுங்கள். லஸ், கச்சேரி ரோடு பக்கம் தங்கியிருந்தால், மெட்ரோ வேலைக்காக எந்தத் தெரு ஒருவழியாகியிருக்கிறது என்று அன்றைக்கே பார்த்துச் சொல்லுங்கள்.