புழு மனையில் சென்சார், வீட்டில் ரவுட்டர்: நடுவில் அறுபடும் சிக்னலைச் சரிசெய்வது எப்படி?

பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் பட்டுப்புழு மனையில் வெப்பநிலை சென்சார் மாட்டியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த பூஸ்டர் வாங்கலாம் அண்ணா?" என்பதுதான். பெரும்பாலும் பூஸ்டர் எதுவும் வாங்க வேண்டியதில்லை. வெப்பத்தை அளக்க வேண்டியது மனைக்கு உள்ளே. சிக்னல் அனுப்ப நல்ல இடம் மனைக்கு வெளியே. இரண்டையும் ஒரே டப்பாவில் அடைத்து உள்ளே தொங்கவிட்டால் தகராறுதான்.

இளம்புழுவுக்கு 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் வேண்டும். வளர்ந்த புழுவுக்கு 24, 25 போதும். சித்திரை வெயிலில் ஷெட் சூடேறுவதை வீட்டிலிருந்தே பார்க்கத்தான் சென்சார் வைக்கிறோம். ஆனால் உச்சி வெயில் நேரத்தில்தான் தகவல் நின்றுபோகிறது. ஏன் தெரியுமா? அப்போதுதான் ஜன்னல்களில் ஈரச் சாக்கு கட்டுகிறோம். வைஃபை போகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாகவே உறிஞ்சும். போதாததற்கு தகரக் கூரை, இரும்பு அடுக்குகள். புழுவைத் தாக்கும் ஊசி ஈ வராமல் அடிக்கும் நைலான் வலையால் தொந்தரவில்லை. அதுவே இரும்பு வலையாக இருந்தால் அதுவும் ஒரு சுவர் மாதிரிதான்.

ஈஎஸ்பி8266 அல்லது ஈஎஸ்பி32 போர்டு (சென்சார் காட்டும் அளவைப் படித்து அனுப்பும் சின்ன மின்னணு அட்டை) வைத்து வைஃபை வழியாக அனுப்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: முதலில் அளந்து பாருங்கள்

சிக்னல் வலு டிபிஎம் என்ற அலகில், மைனஸ் எண்ணாக வரும். பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 65க்குள் இருந்தால் கவலை வேண்டாம். மைனஸ் 75 என்றால் ஓடும், ஆனால் ஈரச் சாக்கு கட்டினால் படுத்துக்கொள்ளும். மைனஸ் 85ஐத் தாண்டினால் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

போர்டில் டாஸ்மோட்டா (இந்த போர்டுகளுக்கான இலவச ரெடிமேட் நிரல்) போட்டிருந்தால் அதன் தகவல் பக்கத்திலேயே இந்த எண் தெரியும். சொந்தமாக நிரல் எழுதியவர்கள் வெப்பநிலையோடு ஆர்எஸ்எஸ்ஐ (வந்து சேரும் சிக்னல் வலு) மதிப்பையும் சேர்த்து அனுப்பச் செய்யுங்கள். செல்போனை வைத்து அளக்காதீர்கள். போனின் ஆன்டெனா வேறு, அந்தச் சின்ன போர்டின் ஆன்டெனா வேறு. மனை காலியாக இருக்கும்போதும் அளக்காதீர்கள். தழை போட்டு, கதவு சாத்தி, சாக்கு நனைத்துக் கட்டியிருக்கும்போது வரும் எண்ணே உண்மையான எண்.

இன்னொரு கணக்கும் தெரிந்திருக்கட்டும். 3 டிபி (அதாவது டிபிஎம் எண்ணில் 3) குறைந்தால் வந்து சேரும் சக்தி பாதியாகிவிட்டது என்று பொருள். திறந்த வெளியில் 6 டிபி கூடினால் எட்டும் தூரம் இரண்டு மடங்காகும். அதனால் "அஞ்சாறு டிபிதானே" என்று விட்டுவிடக் கூடாது.

படி 2: சென்சார் உள்ளே, போர்டு வெளியே

இந்த ஒரு படியை மட்டும் செய்தாலே பலருக்கு வேலை முடிந்துவிடும்.

டிஎஸ்18பி20 என்று எஃகு முனையோடு, தண்ணீர் புகாத வயரோடு விற்கும் சென்சாரை வாங்குங்கள். மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை அரை டிகிரி பிசகுக்குள் காட்டும். மூன்று வயர் இருக்கும்: பெரும்பாலும் சிவப்பு மின்சாரம், கறுப்பு கிரவுண்ட், மஞ்சள் டேட்டா. நிறம் மாறியும் வரும், விற்பவர் தரும் படத்தைப் பார்த்துவிட்டு இணையுங்கள். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று அவசியம். அது இல்லாவிட்டால் மைனஸ் 127 என்று காட்டிக்கொண்டிருக்கும்.

வயர் நீளம் போதாவிட்டால் நெட்வொர்க் கேபிளை வெட்டி இணைத்து நீட்டலாம்; பத்து மீட்டர் வரை இது தொந்தரவு தராது. முனையைப் புழு இருக்கும் தட்டின் உயரத்தில், சுவரையும் கூரையையும் தொடாமல் தொங்கவிடுங்கள். வயரை ஜன்னல் ஓரமாக வெளியே எடுத்து, வீட்டைப் பார்த்த பக்கத்தில் தாழ்வாரத்துக்குக் கீழ் போர்டை மாட்டுங்கள். வயர் போன ஓட்டையை அடைக்க மறக்காதீர்கள், ஊசி ஈக்கு அந்த வழியே போதும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒவ்வொரு வளர்ப்புக்கும் முன்னால் பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் போட்டு மனையைச் சுத்தம் செய்கிறோமே, அந்தக் குளோரின் நெடி போர்டின் செம்பையும் இணைப்புகளையும் அரித்துவிடும். போர்டு வெளியே இருந்தால் தப்பிக்கும்.

படி 3: டப்பாவும் ஆன்டெனாவும்

டப்பா பிளாஸ்டிக்காக இருக்கட்டும், தகரம் வேண்டாம். போர்டின் ஒரு ஓரத்தில் நெளிநெளியாகக் கோடு தெரிகிறதே, அதுதான் ஆன்டெனா. அந்த முனைக்குப் பக்கத்தில் பேட்டரியோ வயர் சுருளோ இரும்புக் கம்பியோ இருக்கக் கூடாது. தகரச் சுவரில் ஒட்டி வைக்காமல் ஒரு மரச் சட்டத்தில் தள்ளி மாட்டுங்கள். வயர் நுழையும் துளை டப்பாவின் அடியில் இருந்தால் மழைத்தண்ணீர் இறங்காது.

தலை உயரத்துக்கு மேலே ஏற்றுங்கள். நடுவில் மல்பெரித் தோட்டம் இருந்தால் இது ரொம்பவே முக்கியம். 50 மீட்டர் தூரத்துக்கு, நேர்கோட்டைச் சுற்றி நடுவழியில் சுமார் 1.25 மீட்டர் காலியாக இருந்தால்தான் அலை சுகமாகப் போகும். கவாத்து செய்த மறுநாள் நன்றாக இருந்த சிக்னல் தழை வளர வளரக் குறைகிறது என்றால் காரணம் இதுதான்.

வெளி ஆன்டெனா வேண்டுமென்றால் அதற்கான இணைப்பு உள்ள போர்டாக (ஈஎஸ்பி32-வ்ரூம்-32யூ போல) வாங்க வேண்டும். குச்சி ஆன்டெனாவை நேராக நிமிர்த்தி வையுங்கள், ரவுட்டரின் ஆன்டெனாவும் அப்படியே. குச்சியின் நுனியை வீட்டைப் பார்த்து நீட்டினால் நல்லதென்று தோன்றும். ஆனால் நுனிப் பக்கம்தான் அலை மிகவும் குறைவு.

படி 4: ரவுட்டர் பக்கம்

பீரோ மேலிருந்து எடுத்து ஜன்னலோரம் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் இயங்குகிறதா பாருங்கள். மேலே சொன்ன போர்டுகளுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. சேனல் 1, 6, 11 ஆகியவற்றில் நெரிசல் குறைவானதைப் போடுங்கள். அகலம் 20 மெகாஹெர்ட்ஸ்.

படி 5: எண் நன்றாக இருந்தும் அறுபடுகிறதா?

மைனஸ் 60 காட்டியும் அடிக்கடி தொடர்பு போகிறது என்றால் சிக்னலைக் குறை சொல்லாதீர்கள், மின்சாரத்தைப் பாருங்கள். அனுப்பும் நொடியில் இந்த போர்டு சில நூறு மில்லியாம்பியர் இழுக்கும். மெல்லிய, நீளமான யூஎஸ்பி வயரில் அந்த நேரம் வோல்டேஜ் இறங்கி போர்டு மறுபடி முதலிலிருந்து கிளம்பும். தடித்த, குட்டையான வயர் போடுங்கள். மின் உள்ளீட்டில் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும் சேர்க்கலாம்.

படி 6: மனை தோட்டத்துக் கடைசியில் இருந்தால்

நூற்றுக்கணக்கான மீட்டர் தூரத்துக்கு வைஃபையோடு மல்லுக்கட்டுவதைவிட லோரா (சின்னத் தகவலை நெடுந்தூரம் அனுப்பும் ரேடியோ முறை) நல்லது. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். 868 என்று விற்கும் மாட்யூலை வாங்கி, நிரலில் 866 என்று மாற்றிக்கொள்ளுங்கள். வெளிநாட்டு எடுத்துக்காட்டு நிரல்களில் 915 என்று இருக்கும், அப்படியே போடக் கூடாது. கால் அலை ஆன்டெனாவின் நீளம் சுமார் 8.6 செ.மீ. ஆன்டெனா மாட்டாமல் மாட்யூலை ஓட்டாதீர்கள், அனுப்பும் பகுதி எரிந்துபோகலாம்.

கடைசியாக, எச்சரிக்கை அமைக்கும்போது வெப்பம் 30ஐத் தாண்டினால் மணி அடிக்க வைப்பதோடு, 15 நிமிடம் தகவல் வராவிட்டாலும் மணி அடிக்க வையுங்கள். தொடர்பு அறுந்த திரையில் பழைய 25 டிகிரி அப்படியே நிற்கும், பார்த்தவர் எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்துத் தூங்கப் போய்விடுவார்.