தோட்டா உறைக்கு மசகு தடவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுட்டு முடித்த ரைபிள் தோட்டா உறை சற்று விரிந்திருக்கும். அதில் மறுபடி மருந்து நிரப்பிச் சுட, பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும்; அதற்காக பிரஸ் என்ற நெம்புகோல் கருவியால் எஃகு டைக்குள் (அளவு திருத்தும் அச்சுக்குள்) அழுத்தி ஏற்றுகிறோம். பித்தளை உறை எஃகோடு உராயும் அந்த நேரத்துக்காகத்தான் மசகு.

தடவாமலே ஏற்றிவிடும் தவறு பெரும்பாலும் பழக்கத்தால் வருவது. பிஸ்டல் உறைகளில் ஆரம்பித்தவர் கார்பைடு டை (மிகக் கடினமான, வழுவழுப்பான கார்பைடு பதித்த அச்சு) வைத்திருப்பார். பக்கச்சுவர் நேராக உள்ள உறைகளுக்கு அதில் மசகு தேவைப்படாது. அதே கையோடு .308 ரைபிள் உறை மாதிரி கழுத்து குறுகியதைக் காய்ந்தபடி ஏற்றினால் உள்ளே இறுகிவிடும். கார்பைடு டையாக இருந்தாலும் இந்த வகை உறைக்கு மசகு வேண்டும். பிரஸ் கைப்பிடி வழக்கத்தைவிடக் கனக்கிறதா, அங்கேயே நிறுத்துங்கள். உறையை வெளியே எடுத்து, தடவிவிட்டு ஏற்றுங்கள். இறுகிய பிறகு முரட்டுத்தனமாக இழுத்தால் உறையின் அடி விளிம்பு பிய்ந்து வரும், உறை உள்ளேயே நிற்கும். அப்புறம் அதன் அடியில் துளை போட்டு, மரை வெட்டி, போல்ட் திருகித்தான் எடுக்க வேண்டும்.

இந்தப் பயத்தில் அள்ளிப் பூசுகிறவர்களும் உண்டு. மிஞ்சிய மசகுக்கு டைக்குள் போக இடமில்லை, அது பித்தளையை அமுக்கி, கழுத்துக்குக் கீழே சரியும் தோள்பகுதியில் குழி விழவைக்கும். சின்னக் குழி அடுத்த முறை சுடும்போது நிமிர்ந்துவிடும். ஆழமாக மடிந்த உறையை ஒதுக்கிவிடுங்கள். மெழுகு வகை என்றால் விரல் நுனியை அதில் ஒரு தடவை தேய்த்து, உறையை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டினால் போதும். கண்ணுக்குத் தெரியக் கூடாது, விரலுக்கு வழுக்க வேண்டும். அழுத்தம் அதிகம் விழுவது அடிப்பக்கத்தில், அங்கே விட்டுவிடாதீர்கள். தோளில் பூச வேண்டாம். கழுத்தின் உட்புறத்துக்குப் பிரஷ்ஷால் லேசாக ஒரு தொடல். இல்லாவிட்டால் டையின் நடுத்தண்டில் இருக்கும், கழுத்தை விரிக்கும் குமிழ் கிறீச்சிட்டுக் கழுத்தை இழுத்து நீட்டிவிடும்.

லானோலினை (ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகுப்பசை) ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்த ஸ்ப்ரேயை அடித்த கையோடு ஏற்றக் கூடாது. ஆல்கஹால் காய்ந்த பிறகு மிஞ்சும் லானோலின்தான் வேலை செய்கிறது, சில நிமிடம் பொறுங்கள். துருவுக்கு அடிக்கும் மெல்லிய எண்ணெய் இதற்கு ஆகாது. அவ்வளவு அழுத்தத்தில் அந்தப் படலம் அறுந்துபோகும். அழுக்கு உறையில் மசகு தடவுவதும் வீண்வேலை. ஒட்டிய மணல் டையைக் கீறும், அந்தக் கீறல் பிறகு ஏற்றும் ஒவ்வொரு உறையிலும் பதியும்.

நான் மிகவும் கவலைப்படுவது, வேலை முடிந்தும் மசகைத் துடைக்காமல் விடுவதைத்தான். சுடும்போது உறையின் சுவர் சேம்பரை (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையை) இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். எண்ணெய்ப்பசை இருந்தால் பிடி தளர்ந்து, பின்னோக்கிய தள்ளல், சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் துப்பாக்கி போல்ட்டின் மேல் கூடுதலாக விழும். உள்ளே தங்கிய பசை ப்ரைமரையும் (உறையின் அடியில் பொருத்தும் தீமூட்டி) வெடிமருந்தையும் கெடுத்துவிடலாம். அதனால் அவை இரண்டையும் போடுவதற்கு முன்பே துணியால் துடையுங்கள், அல்லது உறைகளை மக்காச்சோளத் தண்டுத் துகளோடு குலுக்கித் துடைக்கும் டம்ப்ளிங் மெஷினில் ஓட்டுங்கள். மெஷினில் ஓட்டினால், ஃபிளாஷ் துளையில் (ப்ரைமரின் தீ மருந்துக்குப் போகும் அடித்துளை) அந்தத் துகள் அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு உறையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்.