முக்கால் ரூபாய்க்கு அணி இலக்கணம் எதற்கு?

ஆகஸ்டில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழா முடிந்தால் போதும், கோபியில் நாங்கள் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக்குப் புதிதாக நாலைந்து பேர் வந்துவிடுவார்கள். முதலில் நான் கையில் கொடுப்பது புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’. 1934இல் மணிக்கொடி இதழில் வந்த சின்னக் கதை. அடுத்த வாரம் பென்சில் கோடுகளோடு திரும்பி வருவார்கள். அந்தக் கோடுகளைப் பார்த்தால் என் பழைய பிரதியே ஞாபகம் வரும். உவமைக்கும் உருவகத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் குழம்புவதை நான் கணக்கில் எடுப்பதில்லை. அது தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாத தவறுகள் மூன்று.

கண்ணில் பட்டதையெல்லாம் குறியீடாக்குவது

இன்னும் எனக்குக் கடுப்பேற்றுவது இதுதான். ஜட்கா எனும் குதிரை வண்டி ஓட்டும் முருகேசன் அடிபட்டுக் கிடக்கிறான், பால் கஞ்சி கேட்கிறான். மில் கூலியான அவன் மனைவி அம்மாளுவிடம் காசில்லை. இருட்டில் ஒருவனோடு சந்துக்குள் போய் முக்கால் ரூபாய் சம்பாதித்து வருகிறாள்.

“முக்கால்னா முழுமை இல்லாதது சார். அவ கற்பு குறைபட்டதைக் காட்டுது” என்றாள் போன வாரம் ஒரு கல்லூரிப் பெண். எனக்குச் சுரீரென்றது. இருபது வருடம் முன்பு ஒரு மேடையில் இதையேதான் நானும் முழங்கினேன். குதிரைதான் அடிமை இந்தியா என்றுகூடச் சொன்னேன். நல்ல கைதட்டல். கீழே இறங்கியதும் பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்தார்.

“ஏங் கண்ணு, முக்கா ரூவான்னா எத்தன அணா?”

“பன்னெண்டுங்க.”

“அதுக்கு எத்தன நாளைக்குப் பால் வாங்கலாம்?”

முழித்தேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரி கதையைத் திரும்பப் படித்தேன். அந்த இடத்தில் உவமையும் இல்லை, வர்ணனையும் இல்லை. எவ்வளவு, எதற்கு, அவ்வளவுதான். காசு அங்கே வெறும் காசு. அதைக் கற்பின் அளவுகோலாக்கினால் வேறொரு வில்லங்கமும் சேர்ந்துகொள்கிறது. கற்பு கற்பு என்று பேசுகிறவர்களைத்தானே கதை கடைசியில் பிடித்துத் திட்டுகிறது? அந்தத் திட்டு வாங்கும் வரிசையில் நாமே போய் நின்றுகொள்கிறோம். அத்தனை கைதட்டலோடு நான் நின்றது அங்கேதான்.

தலைப்பை நேர்ப்பொருளில் எடுப்பது

பத்து மணிக்கு எழுந்து வருகிறவனை நம் வீட்டில், “வாங்க சாமி, இப்பத்தான் பொழுது விடிஞ்சுதுங்களா?” என்று வரவேற்பார்கள். அந்த ‘ங்க’வில் மரியாதையா இருக்கிறது? ‘பொன்னகரம்’ என்ற பெயரையும் அந்தக் காதால்தான் கேட்க வேண்டும். தொல்காப்பியம் அங்கதத்தை, அதாவது வசைப் பேச்சை, செம்பொருள் (நேரடி வசவு), கரந்தது (மறைத்துச் சொல்லும் வசவு) என இரண்டாகப் பிரிக்கிறது. இந்தக் கதை கரந்ததில் தொடங்கிச் செம்பொருளில் முடிகிறது: தலைப்பு ஒளித்து வைத்த வசவைக் கடைசி வரி முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது.

அணிப் பட்டியலோடு வருவது

அணி இலக்கண நூலான தண்டியலங்காரத்தில் பொருளணி 35. வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

சரி, அந்தக் குதிரை?

குதிரைதான். அன்றைக்கு அதற்கும் பலமான அடி.