வரப்போகும் சோதனையைப் பற்றிய பயம்: அன்றாடம் ஆண்டவரிடம் ஒப்படைக்கும் முறை

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று திரும்பிவிட்டால் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் ஜெபம் கூடும்; பயமும் கூடும். புயல் மட்டும் காரணமில்லை. இலங்கைக் கடல் எல்லைக்கோட்டருகே போன படகு பிடிபட்டால் என்ன செய்வது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் வட்டியை எப்படிக் கட்டுவது, ஸ்கேன் முடிவு எப்படி வருமோ என்று இன்னும் நடக்காத ஒன்று இன்றைய தூக்கத்தைத் தின்கிறது. இந்தப் பயத்தை ஒரே ஜெபத்தில் ஒழித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சோறு பொங்குவதுபோல் அன்றாடம் செய்ய வேண்டிய வேலை இது.

கடவுள் எதை வாக்களித்தார், எதை வாக்களிக்கவில்லை என்பது தெரியாமல் தொடங்கினால் பாதியில் நின்றுவிடும். "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்று யோவான் 16:33-ல் இயேசுவே சொல்லிவிட்டார். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடிக்குள் கடல் ஏறியபோது அங்கிருந்த கிறிஸ்தவக் கோயிலும் தப்பவில்லை. அதன் மொட்டைச் சுவர்கள் இன்னும் மணலில் நிற்கின்றன. விசுவாசிக்குப் புயல் வராது என்று அந்த மணலில் நின்றுகொண்டு யாரும் சொல்ல முடியாது. வாக்களிக்கப்பட்டிருப்பது, அந்த நாள் வரும்போது அந்த நாளைத் தாங்கும் பலம்.

யாத்திராகமம் 16-ம் அதிகாரத்தை ஒருமுறை முழுதாக வாசித்துவிடுங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கடவுள் தந்த உணவான மன்னா தலைக்கு ஒரு ஓமர், ஏறக்குறைய இரண்டு லிட்டர் அளவு, காலைதோறும் கிடைத்தது. மறுநாளுக்கென்று மிச்சம் வைத்தவர்களுக்கு அது பூச்சி பிடித்து நாறியது. நாளைய சோதனையை இன்றே மனதுக்குள் நடத்திப் பார்க்கிறவருக்கு நேர்வதும் இதுதான்: சோதனை கற்பனையில் வந்துவிட்டது, அதைத் தாங்கும் பலம் இன்னும் வரவில்லை. வெறுங்கையோடு நின்று போராடுவதால்தான் கற்பனையில் படும் பாடு அவ்வளவு கொடியதாக இருக்கிறது. அதே அதிகாரத்தில், ஆறாம் நாள் மட்டும் இரண்டு பங்கு எடுக்கச் சொன்னதும் இருக்கிறது, அது கெடவில்லை. எனவே முன்னேற்பாடு செய்வது அவிசுவாசம் ஆகாது. முன்னேற்பாட்டையும் கவலையையும் பிரித்தெடுக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எப்போது, எதை வைத்துக்கொண்டு

விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஜெபியுங்கள் என்ற ஆலோசனை இந்தக் கரைக்குச் சரிப்படாது. விசைப்படகில் போனவர் பல நாள் விடியும்போதுதான் கரை திரும்புவார். ஏலத்துக்குக் கூடையோடு ஓடும் பெண்ணுக்கு அப்போது மூச்சுவிட நேரமிருக்காது. கடிகாரத்தை விட்டுவிட்டு, தினமும் தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு சேர்த்துக் கட்டுங்கள்: அடுப்புப் பற்றவைக்கும் முன், வலையை எடுத்து வைத்த பின், பாசி எடுக்கக் கிளம்பும் முன். பதினைந்து நிமிடம் போதும். ஒரு மணி நேரம் என்று தொடங்குகிறவர்கள்தான் சீக்கிரம் விடுகிறார்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பேனா, வேதாகமம். செல்போன் வேண்டாம், வசனம் பார்க்க எடுத்த கை வாட்ஸ்அப்பில் போய் நிற்கும்.

பதினைந்து நிமிடத்தைப் பிரிக்கும் விதம்

முதல் மூன்று நிமிடம் பயத்தை ஒரே வரியில் எழுதுவதற்கு. "எல்லாமே பயமாக இருக்கிறது" என்று எழுதினால் பயன் இல்லை. இன்னதென்று தெரியாததை யாரிடமும் ஒப்படைக்க முடியாது. "சனிக்கிழமை கடலுக்குப் போகும் மகன் பிடிபட்டுவிடுவானோ", "தடைக்காலம் முடியும் முன் நகை ஏலத்துக்கு வந்துவிடுமோ" என்கிற அளவுக்குக் குறிப்பாக இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பயம்தான்.

அடுத்த ஐந்து நிமிடம், அந்த வரிக்குக் கீழே பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இன்று பொழுது சாய்வதற்குள் நீங்கள் செய்யக்கூடியது இடப்பக்கம். உங்கள் கைக்கு எட்டாதது வலப்பக்கம். நகைக்கடனை எடுத்துக்கொள்வோம். வங்கியில் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்க முடியுமா என்று கேட்பது இடப்பக்கம். மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் இந்த ஆண்டுக்கான 1,500 ரூபாயைக் கட்டியாயிற்றா என்று சங்கத்தில் விசாரிப்பதும் இடப்பக்கம். கட்டியிருந்தால் அரசின் பங்கும் சேர்ந்து 4,500 ரூபாயாக, மீன்பாடு குறைந்த மாதங்களில் திரும்பி வரும். அடுத்த சீசனில் இறால் படுமா, டீசல் விலை ஏறுமா என்பதெல்லாம் வலப்பக்கம்.

கடலைப் பற்றிய பயமானால் இடப்பக்கம் நீளும். படகில் உள்ள எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, வயர்லெஸ் வேலை செய்கிறதா, கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்கள் வீட்டுச் சுவரிலும் படகிலும் எழுதியிருக்கிறதா, விபத்துக் காப்பீட்டில் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். காற்று, நீரோட்டம், ரோந்துக் கப்பல் மூன்றும் வலப்பக்கம். இடப்பக்கத்திலிருந்து ஒன்றே ஒன்றைத் தேர்ந்து அன்றே முடித்துவிடுங்கள். சில நாள் இடப்பக்கம் காலியாகவே இருக்கும். அன்று உங்களுக்கு வேலை இல்லை என்று பொருள். வலிந்து ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டாம்.

மூன்றாவதாக ஐந்து நிமிடம் ஜெபம். பிலிப்பியர் 4:6 விண்ணப்பத்தையும் ஸ்தோத்திரத்தையும் சேர்த்தே சொல்கிறது. நன்றி பொத்தாம்பொதுவாக இருக்கக் கூடாது. நேற்று நடந்த ஒன்றாக இருக்கட்டும். பிறகு வலப்பக்கத்தை வாய்விட்டு வாசியுங்கள். சொல் வராதவர்கள் இப்படிச் சொல்லலாம்: "ஆண்டவரே, நேற்றைய நன்மைக்கு நன்றி. வலப்பக்கம் எழுதியது எனக்குத் தாங்காது, உம்மிடம் வைக்கிறேன். இடப்பக்கத்தில் இந்த ஒன்றைச் செய்ய இன்று பலம் தாரும். நாளைக்கு வேண்டியதை நாளைக்குத் தருவீர் என்று நம்புகிறேன். நான் கேட்டபடி நடக்காவிட்டாலும் உம்மை விடமாட்டேன்." கடைசி வாக்கியம்தான் தொண்டையில் சிக்கும். அக்கினிச் சூளைக்கு முன் நின்ற மூன்று பேர் தானியேல் 3:18-ல் "விடுவிக்காமற்போனாலும்" என்று சொன்னது அதுவே. சொல்ல மனம் வராத நாளில், வரவில்லை என்பதையே ஜெபமாகச் சொல்லிவிடுங்கள். ஜெபமாலை சொல்கிற வீடுகளில் பத்து மணிகள் கொண்ட ஒரு பிரிவை அன்றைய வலப்பக்கத்துக்காக ஒப்புக்கொடுக்கலாம்.

மீதி இரண்டு நிமிடம் ஒரு வசனத்துக்கு. வாரம் முழுவதும் அதே வசனம். சங்கீதம் 56:3-ல் தொடங்கலாம்: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." ஐந்தே சொல், வலை இழுத்துக்கொண்டே சொல்லலாம். பயம் தீர்ந்த பிறகு நம்புவேன் என்று தாவீது சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கத்தோலிக்க விவிலியத்தில் சொற்கள் சற்று மாறும். உங்கள் வீட்டில் எது இருக்கிறதோ அதன்படியே படியுங்கள்.

நம்பிக்கையும் நங்கூரமும்

கடலோரத்தார் இந்த விஷயத்தில் அதிகம் வாசிக்க வேண்டியது அப்போஸ்தலர் 27. கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகப்பட்ட பவுலையும் சேர்த்துக் கப்பலில் இருந்தது 276 பேர். கடற்பயணத்துக்கு ஆபத்தான பருவம், போக வேண்டாம் என்று பவுல் சொல்லியும் காவலுக்கு வந்த படைத் தலைவனான நூற்றுக்கு அதிபதி மாலுமியின் பேச்சையே கேட்டான். புயல் நடுவில், உயிர்ச்சேதம் வராது, கப்பல் மட்டும் போகும் என்று தேவதூதன் வழியாகப் பவுலுக்கு வாக்கு வந்தது. வாக்கு வந்த பிறகும் அவர்கள் ஆழம் பார்த்தார்கள்; கப்பலின் பின்பக்கத்திலிருந்து நாலு நங்கூரம் போட்டு விடியலுக்குக் காத்திருந்தார்கள்; கப்பலை விட்டு நழுவப் பார்த்த கப்பலாட்களைப் பவுல் காட்டிக்கொடுத்து நிறுத்திவைத்தார்; எல்லோரையும் சாப்பிட வைத்தார்; கோதுமையைக் கடலில் கொட்டிப் பாரத்தைக் குறைத்தார்கள். கடைசியில் கப்பல் உடைந்தது, சிலர் நீந்தியும் மற்றவர்கள் பலகைகளைப் பிடித்துக்கொண்டும் எல்லோரும் கரை சேர்ந்தார்கள். வாக்கு எதுவரை போனதோ அதுவரை நிறைவேறியது. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருக்கும்போது "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று படகை அவிழ்ப்பவர் பவுலின் பக்கம் நிற்கவில்லை.

நடுராத்திரியும் காத்திருப்பும்

இரவு இரண்டு மணிக்குப் பயம் எழுப்பினால் படுத்தபடியே அதோடு வாதாட வேண்டாம். எழுந்து உட்கார்ந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடியுங்கள். வந்த பயம் ஏற்கெனவே வலப்பக்கத்தில் இருப்பதா என்று பாருங்கள். இருப்பதானால் "இது உம்மிடம் இருக்கிறது" என்று சொல்லி, அந்த வார வசனத்தை மூச்சை மெதுவாக விட்டுவிட்டுப் பத்துத் தடவை சொல்லுங்கள். புதிதானால் ஒரு வரி எழுதி நோட்டை மூடுங்கள். அதற்கான பதினைந்து நிமிடம் நாளைக்கு இருக்கிறது. ராத்திரியில் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. சாக வேண்டும் என்று கேட்ட எலியாவுக்கு 1 இராஜாக்கள் 19-ல் முதலில் கிடைத்தது தூக்கமும் அடையும் தண்ணீரும்தான். பேச்சு பிறகுதான் வந்தது.

படகு திரும்பத் தாமதமாகும் இரவு வேறு மாதிரி. எத்தனை மணிவரை தகவல் இல்லையென்றால் சங்கத்துக்கும் 1554-க்கும் சொல்வது என்பதைப் படகு கிளம்பும் முன்பே பேசி வையுங்கள். அந்த மணி வரும்வரை போன் ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். மற்றவர்கள் ஒரே வீட்டில் கூடி ஜெபிக்கட்டும். யார் அனுப்பியது என்று தெரியாத குரல் பதிவைக் கேட்கவும் வேண்டாம், பிறருக்கு அனுப்பவும் வேண்டாம். ஒரு புரளி பத்து ஜெபத்தைக் கலைத்துவிடும்.

எங்கே பிசகும்

புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையை ராசிபலன் மாதிரி வைத்துக்கொள்வது முதல் பிசகு. நல்ல வசனம் வந்தால் ஆண்டு முழுக்கத் தைரியம், இல்லையென்றால் கலக்கம் என்றால் நம்பிக்கை அட்டையின் மேல் இருக்கிறது. நேர்ச்சையும் அப்படித்தான். கச்சத்தீவு அந்தோணியாருக்கு நேர்ந்துகொள்வதில் தவறில்லை. "இதைச் செய்கிறேன், நீர் அதைச் செய்ய வேண்டும்" என்று பேரமானால், கேட்டது நடக்காத நாளில் பக்தியும் சேர்ந்து உடையும்.

பயப்படுவதே பாவம் என்று நினைத்து மறைப்பது எல்லாவற்றிலும் பெரிய பிசகு. கெத்செமனேயில் இயேசு திகிலடைந்தார், வியாகுலப்பட்டார் என்று மாற்கு 14:33 எழுதி வைத்திருக்கிறது. இந்தச் சீமையிலேயே இயேசு சபைக் குருவான அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1686-ல் சித்திரவதைப்பட்டு விடுதலையாகி, ஐரோப்பாவுக்குப் போய், என்ன காத்திருக்கிறது என்று தெரிந்தே மறவ நாட்டுக்குத் திரும்பினார். 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். அவரோடு உங்களை ஒப்பிட்டு வெட்கப்பட வேண்டாம். அவருக்கான பலம் அவருடைய நாளில் அவருக்குக் கிடைத்தது.

ஒப்படைத்ததை மத்தியானத்துக்குள் திரும்ப எடுத்துக்கொள்வது எல்லோரும் செய்வது. மறுபடி ஒப்படையுங்கள்; கணக்கு வைக்க வேண்டாம்.

மாதக் கடைசியில் நோட்டைப் புரட்டி, ஒவ்வொரு பயத்துக்கும் எதிரே என்ன ஆனது என்று எழுதுங்கள். பல நடந்திருக்காது. சில நடந்திருக்கும், அவற்றுக்கு எதிரே அன்று யார் வந்தார்கள், எப்படிச் சமாளித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்று சாமுவேல் கல் நாட்டியது (1 சாமுவேல் 7:12) மறந்துபோகும் என்பதால்தான்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுகிறது, வாழ வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் நோட்டு மட்டும் போதாது. அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று சொல்கிறவர் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

நோட்டின் பின்னட்டையில் இப்போதே சில பெயர்களை எழுதி வையுங்கள்: பங்குத்தந்தை அல்லது போதகர், சங்கத்து ஆள், அன்பியத்திலோ (பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் குழு) ஜெபக்கூட்டத்திலோ உள்ள இரண்டு வீடுகள். பேதுரு சிறையில் இருந்த இரவு சபையார் ஒரு வீட்டில் கூடி ஜெபித்தார்கள். அவர் இரண்டு சேவகர் நடுவே தூங்கிக்கொண்டிருந்தார் (அப்போஸ்தலர் 12). சோதனை வந்த நாளில் உங்களால் ஜெபிக்க முடியாமல் போகலாம். அந்த இரண்டு வீட்டாரிடமும், அன்று எங்களுக்காக நீங்கள் ஜெபியுங்கள், பிள்ளைகளுக்குச் சோறும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவர்களுக்கு வரும் நாளில் நீங்கள் அதைச் செய்வதாகவும் ஒத்துக்கொள்ளுங்கள்.