ஆங்கில வாக்கியத்தில் கூட்டு எழுவாயும் கூட்டுப் பயனிலையும்: தமிழ்ப் பழக்கத்தால் வரும் தவறுகள்

இரண்டு எழுவாய்கள் ஒரே வினையைப் பகிர்ந்துகொண்டால் அது கூட்டு எழுவாய். ஒரே எழுவாய்க்கு இரண்டு வினைகள் இருந்தால் அது கூட்டுப் பயனிலை. இலக்கணம் எளிதுதான். ஆனால் தமிழில் பழகிய கை ஆங்கிலம் எழுதும்போது சில இடங்களில் தவறாமல் சறுக்குகிறது.

பயனிலையில்தான் சறுக்கல் அதிகம். "கதவைத் திறந்து உள்ளே போனாள்" என்பதில் காலம் காட்டுவது கடைசி வினை மட்டுமே. 'திறந்து' வினையெச்சம், 'போனாள்', 'போவாள்' இரண்டோடும் அப்படியே ஒட்டிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் "ஷி ஓப்பன் தி டோர் அண்ட் வென்ட் இன்" என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ஒவ்வொரு வினையும் தன் காலத்தைத் தானே காட்ட வேண்டும்: "ஷி ஓப்பன்ட் தி டோர் அண்ட் வென்ட் இன்." நிகழ்காலத்திலும் இதே கவனம் வேண்டும்: "ஹி ரீட்ஸ் அண்ட் ரைட்ஸ்" என்பதில் இரண்டு 'ஸ்'-உம் தேவை. முன்னால் 'கேன்', 'வில்' போன்ற துணைவினை வந்தாலோ அது இரண்டு வினைக்கும் பொது. "ஷி கேன் சிங் அண்ட் டான்ஸ்" சரி, 'டான்சஸ்' தவறு.

காற்புள்ளியையும் இங்கேயே பார்த்துவிடலாம். 'அண்ட்' என்பதற்குப் பிறகு புது எழுவாய் இருக்கிறதா என்று பாருங்கள். "ஷி ரோட் தி லெட்டர் அண்ட் போஸ்டட் இட்": இல்லை, காற்புள்ளி வேண்டாம். "ஷி ரோட் தி லெட்டர், அண்ட் ஹெர் பிரதர் போஸ்டட் இட்": இருக்கிறது, போடுங்கள்.

இனி எழுவாய். "அண்ணனும் தம்பியும் வந்தார்கள்" என்று பன்மையில் சொல்லும் நாம், அஃறிணை என்றால் பேச்சில் "பேனாவும் நோட்டும் மேசை மேல இருக்கு" என்று ஒருமைக்குப் போய்விடுகிறோம். அதனால்தான் மனிதர்களுக்குச் சரியாக 'ஆர்' போடுகிறவர்கூடப் பொருள்களுக்கு 'இஸ்' போடுகிறார். ஆங்கிலத்துக்குத் திணை வேறுபாடு கிடையாது: "தி பென் அண்ட் தி நோட்புக் ஆர் ஆன் தி டேபிள்."

'அலாங் வித்', 'ஆஸ் வெல் ஆஸ்' இரண்டும் 'அண்ட்' அல்ல. "தலைவரோடு உறுப்பினர்களும் வந்தார்கள்" என்பது தமிழில் இயல்பு. ஆங்கிலத்திலோ "தி கேப்டன், அலாங் வித் தி பிளேயர்ஸ், இஸ் வெயிட்டிங்" என ஒருமைதான். அந்தத் தொடரை விரலால் மறைத்துவிட்டுப் படித்தால் உண்மையான எழுவாய் தெரியும்.

எழுவாய்களை 'ஆர்' ('அல்லது' என்ற பொருளில் வருவது), 'நார்' இணைத்தால் வினைக்குப் பக்கத்தில் நிற்கும் எழுவாயைப் பார்த்து வினையைப் போடுங்கள்: "நெய்தர் தி டீச்சர் நார் தி ஸ்டூடன்ட்ஸ் வேர் தேர்." முன்னால் 'ஈச்', 'எவ்ரி' இருந்தால் ஒருமை: "எவ்ரி பாய் அண்ட் கேர்ள் ஹேஸ் எ புக்." ஒருவரே இரு பொறுப்பு வகித்தாலும் ஒருமை, அங்கே 'தி' ஒரு முறைதான் வரும். "தி செக்ரட்டரி அண்ட் டிரெஷரர் இஸ் ஹியர்" என்றால் வந்திருப்பவர் ஒருவர். இருவர் என்றால் "தி செக்ரட்டரி அண்ட் தி டிரெஷரர் ஆர் ஹியர்."

"நானும் என் நண்பனும்" என்று நாம் தன்னை முன்னால் வைப்போம், ஆங்கில மரபில் 'ஐ' கடைசியில் வரும்: "மை ஃபிரெண்ட் அண்ட் ஐ வென்ட்." 'ஐ'-யா 'மீ'-யா என்ற குழப்பம் வந்தால் நண்பனை நீக்கிப் படியுங்கள். 'மீ வென்ட்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதற்காக எல்லா இடத்திலும் 'ஐ' போட்டுவிடக் கூடாது: "ஹி கால்ட் மை ஃபிரெண்ட் அண்ட் மீ" என்பதே சரி, ஏனெனில் அங்கே நாம் செயப்படுபொருள்.