கண்ணுக்கும் ஒரு எஃப்.சி.: லாரி ஓட்டுபவர்கள் தாங்களே பார்த்துக்கொள்வது எப்படி?

எட்டு வருஷம் தாண்டிய லாரிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியாக இருக்கிறது என்கிற சான்றிதழ்) பார்க்கிறோம். பிரேக்கிலிருந்து இண்டிகேட்டர் பல்பு வரைக்கும் சரிபார்த்துத்தான் விடுகிறார்கள். அதை ஓட்டுகிறவரின் கண்ணைக் கடைசியாக யார், எப்போது பார்த்தார்கள் என்று சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரிப் பேட்டையில் கேட்டால் நிறையப் பேர் தலையைச் சொறிவார்கள்.

கண் முகாம்களில் பவர் பார்க்கிற வேலை எனக்கு. அப்பா லாரி ஓட்டியவர். அவருக்கு வலது கண்ணில் புரை விழுந்திருந்ததே ரொம்ப நாள் தெரியாது. ஒருநாள் இடது கண்ணில் தூசி விழுந்து அதைக் கசக்கிக்கொண்டு நின்றபோதுதான் எதிரே நின்ற வண்டியின் நம்பர் பிளேட் வெறும் மஞ்சள் பலகையாகத் தெரிந்திருக்கிறது, எழுத்தே இல்லை. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் மற்றதன் குறையை மூடிவிடும், போதாததற்குப் பல வருஷம் ஓடிய ரோட்டில் பாதியைப் பழக்கமே ஓட்டிவிடும்.

அதனால் முதல் வேலை, ஒவ்வொரு கண்ணாகப் பார்ப்பது. பகல் வெளிச்சத்தில் பேட்டையில் நிற்கிற ஏதாவது ஒரு வண்டியின் நம்பர் பிளேட்டிலிருந்து 25 மீட்டர் தள்ளி நில்லுங்கள். சாதாரண நடையில் 33 காலடி எடுத்து வைத்தால் ஏறக்குறைய வந்துவிடும். உள்ளங்கையைக் குவித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நம்பரைப் படியுங்கள் (அழுத்தக் கூடாது, அழுத்தினால் அந்தக் கண் கொஞ்ச நேரத்துக்கு மங்கலாகத்தான் தெரியும்). அப்புறம் அடுத்த கண். தெரிந்த வண்டி வேண்டாம், நம்பர் மனப்பாடமாக இருக்கும்! கண்ணாடி போடுகிறவர் போட்டுக்கொண்டே பார்க்கலாம்.

இந்த 25 மீட்டர் நானாகச் சொல்வதில்லை, லைசென்சுக்குக் கொடுக்கிற படிவத்தில் இருக்கிற கேள்விதான். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா, மாலைக்கண் இருக்கிறதா என்பதும் அதிலேயே இருக்கிறது. கனரக வண்டி லைசென்சை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது டாக்டர் பார்த்து ஃபார்ம் 1ஏ என்கிற மருத்துவச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். ஆளைப் பார்க்காமலே கையெழுத்து விழுகிற கதை உங்களுக்கும் தெரியும், அதை நம்பி இருக்காதீர்கள். இன்னொன்று, மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது வண்டி ஒரு நொடிக்கு 16, 17 மீட்டர் ஓடிவிடும். அப்படியென்றால் 25 மீட்டர் என்பது ஒன்றரை நொடி. பிளேட் திணறித் திணறித்தான் தெரிகிறது என்றால் பாஸ் ஆகிவிட்டோம் என்று கிளம்பிவிடாதீர்கள், பவர் பார்க்க வேண்டிய ஆள் நீங்கள்.

பக்கப் பார்வைக்கு கிளீனரையோ வீட்டில் ஒருவரையோ ஒரு மீட்டர் தள்ளி எதிரே உட்கார வையுங்கள். உங்கள் வலது கண்ணையும், அவர் தன் இடது கண்ணையும் மூடிக்கொள்ள வேண்டும், நீங்கள் அவர் மூக்கையே பார்க்க வேண்டும். இருவருக்கும் நடுவில் பக்கவாட்டிலிருந்து அவர் விரலை ஆட்டிக்கொண்டே உள்ளே கொண்டுவரட்டும். அவருக்குத் தெரிந்து ரொம்ப நேரம் கழித்துத்தான் உங்களுக்குத் தெரிகிறது என்றால் டாக்டரிடம் போங்கள். கண் அழுத்த நோய் வலி இல்லாமல் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வரும், போனதைத் திருப்பிக் கொண்டுவரவும் முடியாது. இடது பக்கம் ஏறி வருகிற பைக்காரன் கடைசி நேரத்தில்தான் முளைக்கிறான் என்று அடிக்கடி தோன்றுகிறதா? தப்பு எப்போதும் பைக்காரனுடையதாகவே இருக்காது. டைல்ஸ் கோடு, ஜன்னல் கம்பி எல்லாம் ஒரு கண்ணில் வளைந்து நெளிந்து தெரிந்தால் அது விழித்திரை சம்பந்தப்பட்டது, அதையும் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்தது இரவு. எதிர் வண்டி வெளிச்சம் சிதறிக் கதிர் கதிராகத் தெரிந்தால் முதலில் முன்கண்ணாடியை உள்பக்கமும் வெளிப்பக்கமும் துடைத்துப் பாருங்கள், உள்பக்கம் படிகிற பிசுக்கை யாரும் கவனிப்பதே இல்லை. துடைத்தும் போகவில்லையா? வண்டியை விட்டு இறங்கி வெறும் கண்ணால் தெருவிளக்கைப் பாருங்கள். அப்போதும் விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் கோளாறு கண்ணில்: புரையாக இருக்கலாம், சிலிண்டர் பவராக (கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் வருகிற பவர்) இருக்கலாம், டெஸ்ட் பண்ணினால்தான் தெரியும். எதிரே ஹை பீமில் வந்தால் அந்த வெளிச்சத்தை முறைக்காமல் ரோட்டின் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். இரவுக்கென்று விற்கிற மஞ்சள் கண்ணாடிக்குக் காசு கொடுக்காதீர்கள், வருகிற வெளிச்சத்தையும் கொஞ்சம் அது குறைக்கத்தான் செய்யும். வெயிலில் கறுப்பாக மாறுகிற கண்ணாடியும் கேபினுக்குள் சரியாக மாறாது, ஏனென்றால் அதற்கு வேண்டிய புற ஊதாக் கதிரை முன்கண்ணாடியே தடுத்துவிடுகிறது.

டெஸ்டுக்கு எங்கே போவது? அரசு ஆஸ்பத்திரியில் கண் பிரிவு இருக்கிறது, காசு கிடையாது. மதுரையில் 1976-ல் டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இப்போது சேலம், கோவை, திருநெல்வேலி என்று பல ஊர்களில் கிளை இருக்கிறது. ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் நடக்கும்போது டோல்கேட்டிலேயே முகாம் போடுவார்கள், வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் போய் உட்காருங்கள். முக்கியமாக, சொட்டு மருந்து விட்டு விழித்திரை பார்த்தால் நாலைந்து மணி நேரத்துக்குக் கண் கூசும், மங்கலாகவும் இருக்கும். லோடு ஏற்றிவிட்டுப் போகாதீர்கள், வீட்டில் இருக்கிற நாளில் போங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை இந்த விழித்திரை டெஸ்ட் பண்ணியே ஆக வேண்டும். இன்னொரு விஷயம், சர்க்கரை ஏறி இறங்கும்போது பவரும் மாறும். 300-ல் இருக்கும்போது கண்ணாடி போட்டுவிட்டு, அப்புறம் சர்க்கரை இறங்கியதும் கடைக்காரனைத் திட்டுவார்கள்.

நாற்பதை நெருங்கினால் வெள்ளெழுத்து வரும். சரக்கோடு வருகிற இ-வே பில்லைக் கையை நீட்டிப் படிக்கிறீர்கள் என்றால் வந்துவிட்டது. படிக்க மட்டும் வாங்கிய கண்ணாடியோடு வண்டி ஓட்டாதீர்கள், தூரம் மங்கிவிடும். தூரத்துக்கும் படிக்கவும் சேர்த்துப் போடுகிற பைஃபோகல் கண்ணாடியில் கீழே உள்ள பகுதி படிக்கிற தூரத்துக்கானது, மீட்டர் போர்டு அதைவிடத் தள்ளி இருப்பதால் அதில் தெளிவாகத் தெரியாமல் போகலாம், கேபினிலிருந்து இறங்கும்போது படியும் மங்கும். அதனால் கடையில் "லாரி ஓட்டுகிறேன், மீட்டரும் தெரிய வேண்டும்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். முடிந்தால் பிரதிபலிப்பைக் குறைக்கிற கோட்டிங்கும் போட்டுக்கொள்ளுங்கள், இரவில் வித்தியாசம் தெரியும்.

கண் எரிந்தால் மெடிக்கலில் கேட்டு வாங்குகிற சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கலாம், பழக்கமாக விட்டால் கண் அழுத்தம் ஏறும். 2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகும் பெரிய லாரிகளில் கேபினுக்கு ஏசி கட்டாயம் ஆகிவிட்டது. நல்ல விஷயம்தான், ஆனால் காற்றை முகத்துக்கு நேரே திருப்பி வைத்தால் கண் காய்ந்துபோய் அதுவே உறுத்தும்.

"கண்ணாடி போட்டால் ஓனர் வண்டியைப் பிடுங்கிவிடுவார்" என்று அப்பாவும் சொன்னார். கண்ணாடியோடு லைசென்ஸ் வாங்க எந்தத் தடையும் இல்லை. அவர் புரை ஆபரேஷன் செய்துகொண்டு, டாக்டர் ஓட்டலாம் என்று சொல்லும் வரை வீட்டில் இருந்துவிட்டு, அதே ஓனரிடம்தான் திரும்பிப் போனார்.

கண்ணாடி இரண்டு வாங்குங்கள், ராத்திரி பாதி வழியில் உடைந்தால் வேறு கடை கிடையாது. டேஷ்போர்டு மேல் வைத்தால் மே மாச வெயிலில் கோட்டிங் பாழாகிவிடும், ஆர்.சி. புக் இருக்கிற இடத்தில் பெட்டியோடு வையுங்கள்.